வண்டி தூங்குமிடத்தில் பிளக் இருக்கிறதா? பெட்ரோல், சிஎன்ஜி, ஹைப்ரிட், மின்சாரம்: ஒரு கணக்குப் பார்ப்பு

ஒரே வாரத்தில் இரண்டு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் மச்சான். பள்ளிக்கரணைப் பக்கம் நாலு மாடி அடுக்ககத்தில் இரண்டாம் தளத்தில் இருக்கிறார். வாரத்தில் மூன்று நாள் ஓஎம்ஆரில் அலுவலகம், மற்ற நாள் வீட்டிலிருந்தே வேலை. இன்னொருவர் அண்ணன். பாளையங்கோட்டையில் சொந்த வீடு, வாசலில் போர்ட்டிகோ, தினமும் அம்பாசமுத்திரம் போய்த் திரும்ப வேண்டிய பிழைப்பு. "அடுத்த வண்டி கரண்டு வண்டியா எடுத்திரலாமா?" என்பது இருவரின் கேள்வி. பட்ஜெட்டும் ஏறக்குறைய ஒன்றுதான், 12 லட்சத்திலிருந்து 15 லட்சம். ஒரே பதிலைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். காகிதத்தில் கணக்குப் போட ஆரம்பித்ததும் அது முடியாது என்று தெரிந்தது.

முதலில் விலை. 2024-25இல் இந்தியாவில் விற்ற கார்களில் நூற்றுக்கு இரண்டு மூன்றுதான் பேட்டரி வண்டி. அதே 2024இல் நார்வேயில் விற்ற புதுக் கார்களில் நூற்றுக்கு 89 பேட்டரி வண்டி. பணக்கார நாடு, அவர்களுக்கென்ன என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அங்கே நடந்ததில் பெரும்பங்கு வரிக் கணக்கு. 1990லிருந்து 2022 வரை மின்சாரக் காருக்கு வாங்கும்போது கட்டும் வரி கிடையாது. 2001லிருந்து வாட் வரியும் இல்லாமல் போனது. பெட்ரோல் வண்டிக்கு மட்டும் வரியைத் தீட்டினார்கள். ஷோரூமில் இரண்டு வண்டியும் பக்கத்துப் பக்கத்து விலையில் நின்றால் யார்தான் யோசிப்பார்கள்?

நம் ஊரிலும் மின்சாரக் காருக்கு 2019 ஆகஸ்டிலிருந்து ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். சிறிய பெட்ரோல் கார்களுக்கு அப்போது 28 சதவீதமும் மேலே செஸ்ஸும் இருந்தன. 2025 செப்டம்பர் 22ஆம் தேதி அந்தச் சிறிய கார்களின் வரி 18ஆக இறங்கியது. மின்சாரக் காரின் விலை ஏறவில்லை, பக்கத்தில் நிற்கும் வண்டியின் விலை இறங்கிவிட்டது. வாங்குபவனுக்கு இரண்டும் ஒன்றுதான். மத்திய அரசின் மானியம் என்று பேப்பரில் அடிக்கடி வருகிறதே என்று மச்சான் கேட்டார். ஃபேம்-2 திட்டத்திலும் சரி, அதற்குப் பின் வந்த பிஎம் இ-டிரைவிலும் சரி, சொந்த உபயோகக் காருக்கு மானியம் இல்லை. பெரும்பாலும் ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும்தான் அந்தப் பணம் போனது.

தமிழ்நாட்டில் விலையை உண்மையில் மாற்றுவது சாலை வரி. 2023 நவம்பரில் உயர்த்திய விகிதப்படி 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை விலையுள்ள காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம். பேட்டரி வண்டிகளுக்கு இந்த வரியை மாநில அரசு சில ஆண்டுகளாகத் தள்ளுபடி செய்துவந்திருக்கிறது. உதாரணத்துக்கு, 11 லட்சம் ரூபாய் பெட்ரோல் வண்டி வரியோடு 13 லட்சத்தைத் தொடும். அதே அளவு மின்சார வண்டி 14 லட்சம் என்றால், விலக்கு இருக்கும்வரை 14தான். வித்தியாசம் 1 லட்சம். விலக்கு இல்லையென்றால் பதினாறரையைத் தொட்டுவிடும், வித்தியாசம் மூன்றரை லட்சம். இது தேதி போட்டுத் தரப்படும் சலுகை. அதனால் புக் செய்யும் முன் ஆர்டிஓவில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஷோரூம்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

சரி, ஓட்டும் செலவு. மாதம் 1,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய். சென்னை நெரிசலில் சின்ன எஸ்யூவி 14 கொடுத்தால் 7,200 ரூபாய். பெட்ரோல் என்ஜினோடு பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் 21 கொடுக்கும், 4,800. சிஎன்ஜி என்ற இயற்கை எரிவாயு கிலோ 90 ரூபாய் கணக்கில் கிலோவுக்கு 20 கிலோமீட்டர் என்றால் 4,500. மின்சார வண்டி ஒரு யூனிட்டில் ஆறரை கிலோமீட்டர் ஓடும். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் 165 யூனிட் வேண்டும். வீட்டில் போட்டால், யூனிட் 10 ரூபாய் கணக்கில், 1,650 ரூபாய்.

அந்த 10 ரூபாய் எங்கிருந்து வந்தது? ஈபி கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒன்று, படிக்கட்டு மாதிரி ஏறும். முதல் 100 யூனிட் இலவசம் என்ற சந்தோஷத்தில் எல்லோரும் சராசரியைப் பார்க்கிறார்கள். ஆனால் கார் எடுக்கும் யூனிட்டுகள் படிக்கட்டின் உச்சியில்தான் போய் உட்காரும். ஏசி ஓடுகிற வீட்டில் ஏற்கெனவே 450 யூனிட் போகிறது என்றால், காரின் 330 சேர்ந்து 780 ஆகும். 500ஐத் தாண்டியதும் கீழ்ப்படிகளில் கிடைத்த சலுகையிலும் ஒரு பகுதி போய்விடும். மேல் படிகளில் யூனிட் 8 ரூபாயிலிருந்து 12 ரூபாய் வரை. அதனால்தான் 10 என்று போட்டேன். "கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான் சார்" என்ற விளம்பரக் கணக்கு கீழ்ப்படியில் நின்று போட்ட கணக்கு.

வீட்டில் பிளக் இல்லையென்றால்? வெளியே இருக்கிற ஃபாஸ்ட் சார்ஜரில் யூனிட் 20 ரூபாயைத் தாண்டுவது சாதாரணம், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. காரை வாங்கும்போது 5, அந்தக் காருக்குச் சோறு போடும்போது 18. அந்த 165 யூனிட்டுக்கு 3,900 ரூபாய்க்கு மேல் ஆகிவிடும். சிஎன்ஜிக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. வண்டி முழுக்கவே வீட்டுப் பிளக்கை நம்பி நிற்கிறது என்பது எனக்குப் புரிந்தது இந்த இடத்தில்தான்.

இன்னொரு வழியும் வந்திருக்கிறது. பேட்டரியை வாடகைக்கு எடுப்பது. எம்ஜி வின்ட்சர் 2024 செப்டம்பரில் வந்தபோது பேட்டரி இல்லாமல் 9.99 லட்சம், பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் என்று அறிவித்தார்கள். பலருக்கும் அது பெரிய ஆறுதலாகத் தெரிந்தது. பெருக்கிப் பாருங்கள்: 1,000 கிலோமீட்டருக்கு 3,500, மேலே கரண்டு 1,650. மொத்தம் 5,150. சிஎன்ஜியைவிட அதிகம். முன்பணம் குறைகிறது என்பது நிஜம், ஆனால் மின்சார வண்டி வாங்குவதற்கான முதல் காரணமே கையைவிட்டுப் போகிறது. குறைந்தபட்சம் மாதம் இத்தனை கிலோமீட்டர் என்று ஏதாவது நிபந்தனை போட்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

பார்க்கிங் தூண்

மச்சானின் கதைக்கு வருகிறேன். அவருடைய அடுக்ககத்தில் 24 வீடு. கார் நிற்கும் இடம் தரைத்தளத்தில், தூண்களுக்கு நடுவே. இவர் இடம் 17ஆம் எண். ஈபி மீட்டர் பெட்டிகள் எல்லாம் கட்டடத்தின் மறுமுனையில் படிக்கட்டுக்கு அடியில் இருக்கின்றன. நானும் அவரும் டேப் வைத்து அளந்தோம், மேல்கூரை ஓரமாகச் சுற்றிப் போனால் 38 மீட்டர். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். தடிமனான செப்பு கேபிள், தனி எம்சிபி, தனி எர்த்திங் எல்லாம் சேர்த்து ஒரு தொகை சொன்னார். அது கூடப் பெரிதில்லை. "இந்த பைப்பை யாரு சுவத்துல ஓட்டப் போறோம் சார்? அசோசியேஷன் லெட்டர் வாங்கிட்டு வாங்க" என்றார்.

லெட்டர் கேட்டுப் போனதில் தொடங்கியது. செயலாளர் நல்ல மனிதர், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒருவருக்குக் கொடுத்தால் நாளை 24 பேரும் கேட்பார்கள், அப்போது டிரான்ஸ்பார்மர் தாங்குமா என்றார். நியாயமான கேள்விதான், பதில் சொல்ல அங்கே யாருமில்லை. இன்னொருவர் தீப்பிடிக்கும் என்றார். மூன்றாமவர், 17ஆம் எண் இடம் உண்மையில் மச்சானுக்கு எழுதிக் கொடுத்ததா, பேச்சுவாக்கில் ஒதுக்கியதா என்று பத்திரத்தைத் தோண்ட ஆரம்பித்தார். கார் கேட்கப் போய் பார்க்கிங்கே போய்விடுமோ என்று என் தங்கைக்குப் பயம் வந்துவிட்டது.

புதுக் கட்டடங்களில் மொத்த வாகன இடத்தில் 20 சதவீதத்துக்கு சார்ஜிங் வசதி வேண்டும் என்று மத்திய அரசு 2019இலேயே மாதிரிக் கட்டட விதிகளைத் திருத்தியது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் சென்னையில் மக்கள் இன்று குடியிருக்கும் அடுக்ககங்களில் எத்தனை அதற்குப் பின் கட்டியவை? 2005இல் கட்டிய கட்டடத்தில் வீட்டுக்கு ஒரு கார் நிற்கும் என்பதையே யாரும் யோசிக்கவில்லை.

இத்தனைக்கும் தேவை பெரிய எந்திரமில்லை. வாஷிங் மெஷினுக்கும் கீசருக்கும் போடுகிற அதே 16 ஆம்பியர் பிளக் போதும். மணிக்கு 3 யூனிட் ஏறும். இரவு பத்து மணிக்குச் சொருகினால் காலை ஆறுக்குள் 24 யூனிட், 150 கிலோமீட்டர். மச்சானுக்கு அது ஒரு வாரத்துக்கு மேல் வரும். 7.2 கிலோவாட் சார்ஜர் வேண்டுமென்றால்தான் வீட்டு இணைப்பின் லோடை உயர்த்தி எழுதிக் கொடுக்க வேண்டிய வேலை. பெரும்பாலானோருக்கு அது தேவைப்படாது. ஆக, ஒரு கார் வாங்கும் முடிவு ஒரு பிளக் பாயின்டில் சிக்கி நிற்கிறது.

அண்ணன் வீட்டில் இதே வேலை ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும். போர்ட்டிகோ சுவருக்கு அந்தப் பக்கம்தான் மீட்டர். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. மேலே மொட்டை மாடி சும்மா கிடக்கிறது. பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் சோலாருக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. திருநெல்வேலி வெயிலுக்கு ஒரு நாளைக்கு 12 யூனிட் தாராளமாக வரும். அவர் மாதம் 1,700 கிலோமீட்டர் ஓட்டுகிறார், அதற்கு 280 யூனிட் வேண்டும். கூரையே 360 யூனிட் கொடுத்துவிடும். பகலில் கிரிடுக்குக் கொடுத்ததை ராத்திரி வண்டி கணக்கில் எடுத்துக்கொள்ளும். பெட்ரோலில் அவருக்கு இப்போது மாதம் பத்தாயிரத்துக்கு மேல் போகிறது.

விளம்பரங்களில் மின்சாரக் கார் எப்போதும் கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே, மச்சான் மாதிரி ஒருவர் ஓட்ட, வழுக்கிக்கொண்டு போகும். கணக்குப்படி அது அண்ணன் வீட்டுப் போர்ட்டிகோவில் நிற்க வேண்டிய வண்டி.

தீபாவளிக்கு முந்தின நாள்

அண்ணனின் தயக்கம் வேறு. "தம்பி, நாளைக்கு ஒரு அவசரம்னு மெட்ராஸ் வரணும்னா?" பாளையங்கோட்டையிலிருந்து சென்னை 620 கிலோமீட்டர் சொச்சம். டாடா நெக்ஸான் 45 கிலோவாட் மணி பேட்டரிக்குச் சோதனைக்கூடத்தில் கிடைத்த ரேஞ்சு, அதாவது ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம், 489 கிலோமீட்டர். ஊருக்குள் ஓட்டினால் 350 வரை எதிர்பார்க்கலாம். நாற்கரச் சாலையில் 80, 90இல் போனால் 300. ஸ்பீடாமீட்டரில் 110ஐத் தொட்டுக்கொண்டே போனால் 250கூட வராது. பெட்ரோல் வண்டி ஹைவேயில் அதிக மைலேஜ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பேட்டரிக்குக் கொஞ்சம் திரும்பி வரும் வண்டி இது, நெரிசல்தான் அதற்கு ஒத்துவரும்.

ஆக வழியில் இரண்டு முறை நிற்க வேண்டும், தடவைக்கு முக்கால் மணி நேரம். 80 சதவீதத்துக்கு மேல் ஃபாஸ்ட் சார்ஜரிலும் மெதுவாகத்தான் ஏறும் என்பதால் முழுதாக நிரப்பக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. சாப்பிட ஒரு முறை, காபிக்கு ஒரு முறை நிறுத்துகிறவர்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை. சென்னை, திருச்சி, மதுரை சாலையில் பாரத் பெட்ரோலியம் 2022இலேயே பெட்ரோல் பங்க்குகளில் வரிசையாக சார்ஜர் வைத்தது. கோயம்புத்தூர்க்காரர்களின் ஸியான் உட்படத் தனியாரும் வந்துவிட்டார்கள். சாதாரண நாளில் தென்மாவட்டப் பயணம் ஒரு பிரச்சினையில்லை.

சாதாரண நாள் என்பதுதான் விஷயம். போன தீபாவளிக்கு முந்தின நாள் நண்பரின் மின்சார வண்டியில் ஊருக்குப் போனேன். உளுந்தூர்ப்பேட்டை தாண்டி ஒரு பங்க். ஆப்பில் சார்ஜரின் இரண்டு ‘கன்’னும் காலி என்று பச்சையாகக் காட்டியது. போய்ப் பார்த்தால் ஒன்றில் திரை இருண்டு கிடக்கிறது. மற்றொன்றில் வண்டி நிற்கிறது, பின்னால் இன்னும் இரண்டு. முன்னால் இருந்த குடும்பம் வேப்பமரத்தடியில் ஜமுக்காளம் விரித்துப் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்திருந்தது. எங்களுக்கும் ஒரு பொட்டலம் கிடைத்தது, அதில் குறையில்லை. ஆனால் எங்கள் முறை வர இரண்டேகால் மணி நேரம் ஆனது. பக்கத்திலேயே பெட்ரோல் போட்டவர்கள் அஞ்சு நிமிஷத்தில் கிளம்பிக்கொண்டே இருந்தார்கள். சென்னையே தெற்கே கிளம்பும் பொங்கல், தீபாவளி நாலைந்து நாளுக்கு மின்சார வண்டிக்காரர் நள்ளிரவில் கிளம்பலாம், அல்லது ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே போட்டுக்கொள்ளலாம்.

வெள்ளத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், பள்ளிக்கரணை ஆயிற்றே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்தப் பக்கம் கார்கள் கூரை மட்டத்துக்கு மூழ்கின. அதற்கப்புறம் மழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்கள் வரிசைகட்டுகின்றன. மின்சார வண்டி தண்ணீரில் ஷாக் அடிக்கும் என்பது வெறும் பயம். பேட்டரிப் பெட்டிகள் பொதுவாக ஐபி67 தரத்தில் வருகின்றன, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்க வேண்டும். ஆனால் நம் வெள்ளம் அரை மணியில் வடிவதில்லை, மூன்று நாள் நிற்கும். பெட்ரோல் என்ஜினும் தண்ணீர் குடித்தால் காலிதான். இதில் யாரும் யாருக்கும் மேலில்லை. ஒரே வித்தியாசம், மழைக்குப் பின் நாலு நாள் கரண்டு இல்லையென்றால், மேம்பாலத்தில் பத்திரமாக நின்ற மின்சார வண்டியும் சார்ஜ் தீர்ந்ததும் நின்றுவிடும்.

பட்டறை பற்றி அண்ணன் கேட்டது இன்னும் நல்ல கேள்வி. "வண்டி நின்னுட்டா நம்ம மெக்கானிக்கு கை வைப்பானா?" வைக்க மாட்டார், வைக்கவும் கூடாது. பானெட்டுக்குள் ஆரஞ்சு நிறக் கேபிள் தெரிந்தால் பயிற்சி இல்லாதவர் தொடக் கூடாது என்று அர்த்தம். என்ஜின் ஆயில், கிளட்ச், டைமிங் பெல்ட் என்று எதுவுமே இல்லாததால் பட்டறைக்குப் போகும் வேலை குறைவு. ஆனால் போக வேண்டி வந்தால் கம்பெனி சர்வீஸ்தான், அதுவும் பேட்டரி வண்டி பார்க்கிற சர்வீஸ். அது ஊரிலேயே இருக்கிறதா என்று புக் செய்யும் முன் நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும்.

விற்கும்போது என்ன கிடைக்கும் என்பதுதான் இன்னும் யாருக்கும் பிடிபடாத கணக்கு. பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி வழக்கம். மஹிந்திரா பிஇ 6 போன்றவற்றுக்கு முதல் உரிமையாளருக்கு ஆயுள் வாரண்டி, வண்டி கைமாறினால் 10 ஆண்டு அல்லது 2 லட்சம் கிலோமீட்டர். வாங்குபவருக்குத் தைரியம் கொடுக்கத்தான் இதெல்லாம். ஆனால் பழைய கார் வியாபாரி பேட்டரியைத் தட்டிப் பார்த்து விலை சொல்ல முடியாது. சந்தேகம் இருந்தால் குறைத்துத்தான் கேட்பார். அஞ்சு வருஷத்துக்கு ஒரு தரம் வண்டி மாற்றுகிறவருக்கு இது நஷ்டம். அண்ணன் தன் பழைய அம்பாசடரைப் பதினெட்டு வருஷம் வைத்திருந்தவர், அவருக்குக் கவலையில்லை.

மற்ற இரண்டும்

சிஎன்ஜியை ஏழையின் மின்சார வண்டி என்று கேலி செய்கிறார்கள். கேலி செய்ய ஒன்றுமில்லை. வண்டி விலை பெட்ரோலைவிட ஒரு லட்சம் போல அதிகம், ஓட்டும் செலவு கணிசமாகக் குறைவு, பிளக் வேண்டாம், கேஸ் தீர்ந்தால் பெட்ரோலில் ஓடும். டிக்கி போய்விடும் என்பது பழைய குறை. ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதில் இரண்டு சின்ன சிலிண்டரைத் தரைக்கடியில் வைத்த வண்டிகள் வந்துவிட்டன. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சிலிண்டருக்கு ஹைட்ரோ டெஸ்ட் செய்ய வேண்டும், பலர் மறந்துவிடுகிறார்கள். சாயங்காலம் ஆட்டோ வரிசையோடு நீங்களும் நிற்க வேண்டியிருக்கும்.

ஹைப்ரிட் எனக்குப் பிடித்த வண்டி, அதனால் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே சொல்கிறேன். மாருதி கிராண்ட் விட்டாராவும் டொயோட்டா ஹைரைடரும் 2022இல் வந்தன, லிட்டருக்கு 27.97 என்று சான்றிதழ். நடைமுறையில் 20, 22 வந்தாலே பெரிது. 45 லிட்டர் டேங்கில் சென்னையிலிருந்து நெல்லைக்கு நிற்காமல் போகலாம். ஆனால் 4 மீட்டரைத் தாண்டிய வண்டி என்பதால் ஜிஎஸ்டி 40 சதவீதம். சாலை வரியோடு சேர்த்தால் இந்த இருவரின் பட்ஜெட்டையும் நன்றாகவே மீறிவிடும். மாதம் 450 கிலோமீட்டர் ஓட்டும் மச்சான் அந்தக் கூடுதல் காசை மைலேஜில் திரும்ப எடுப்பதற்குள் வண்டியே பழசாகிவிடும்.

அந்த 450தான் கடைசியில் எல்லாவற்றையும் தீர்த்தது. மின்சாரத்துக்கு மாறினால் அவருக்கு மாதம் 2,500 ரூபாய் மிச்சம், வருஷத்துக்கு 30,000. சாலை வரி விலக்கு இருந்தால் மூன்றரை வருஷத்தில் கணக்கு நேராகும். இல்லையென்றால் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். பிளக்கே கிடைக்காமல் வெளியே சார்ஜ் போட்டால் இன்னும் பல வருஷம் இழுக்கும். இப்போதைக்கு இருக்கிற பழைய பெட்ரோல் காருக்கே புது டயரும் பேட்டரியும் போட்டு இரண்டு வருஷம் ஓட்டுங்கள் என்று சொன்னேன். அப்போது வண்டிகள் இன்னும் கொஞ்சம் மலிந்திருக்கலாம். கட்டாயம் இப்போதே புதுசு வேண்டுமென்றால் சிஎன்ஜி. அவருக்கு என் பதில் பிடிக்கவில்லை. தங்கைக்குப் பிடித்திருந்தது.

அண்ணனுக்கு யோசிக்கவே வேண்டாம், மின்சாரம்தான். வீட்டில் இன்னொரு பெட்ரோல் வண்டி ஓரமாக நிற்கட்டும், தீபாவளிக்கு அதில் வரட்டும். அவர் முன்பணம் கட்டிவிட்டார். சோலார்காரர் மாடியை அளந்துவிட்டுப் போயிருக்கிறார்.

மச்சான் இன்னும் விட்டபாடில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் கூட்டம். வாட்ஸ்அப்பில் வந்த நிகழ்ச்சி நிரலை எனக்கு அனுப்பியிருந்தார். தண்ணீர் லாரிக் கணக்கு, லிஃப்ட் ஏஎம்சி, மொட்டை மாடி ஒழுகல் எல்லாம் தாண்டி ஏழாவது வரியில் ‘பார்க்கிங் 17, பிளக் பாயின்ட்’ என்று போட்டிருக்கிறது. போன கூட்டம் மூன்றாவது வரியோடு கலைந்துவிட்டதாம்.